கரெண்டு போன பிறகு ஒரு முழுக்கு

நம் ஞாயிறு பள்ளி செட்டின் வாட்ஸ்அப் குழுவில் நேற்றும் ஒரு மரம் வந்து இறங்கியது. பார்த்திருப்பீர்கள். வேரில் இயேசு, நடுத்தண்டில் ஒரு சபை, கிளைகளில் மற்ற சபைகள், காய்ந்து ஒடிந்த கிளையில் அனுப்பியவருக்குப் பிடிக்காத சபை. போன மாதம் வேறொருவர் அனுப்பிய மரத்தில் இந்தத் தண்டு கிளையாக இருந்தது, ஒடிந்த கிளை தண்டாக இருந்தது. வேர் மட்டும் அதே வேர். வேரில் இருக்கிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. "நீதானே வேத வினாடிவினாவில் கப்பு வாங்கினவ, எது ஒரிஜினல்னு நீயே சொல்லு" என்று என்னையும் கொக்கி போட்டு இழுத்திருக்கிறீர்கள்.

சொல்கிறேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது, இனிமேல் யாரும் நம் காதைத் திருக முடியாது. ஆனால் நான் மரம் வரையப்போவதில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஒரு மே மாதத்தைச் சொல்லப்போகிறேன்.

திருத்தணியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாறை மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் ஊர்மேல் ஊதும். மலைக்கோயில் ஒலிபெருக்கி, பஸ் ஸ்டாண்டு முழுக்க சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அதே மாதத்தில்தான் நமக்கு ஊரின் மூன்று கிறிஸ்தவக் கோயிலிலும் அடுத்தடுத்து விடுமுறை வேதப் பள்ளி. நாம் எல்லாவற்றுக்கும் போனோம். மிஷன் கோயிலில் பன், மாதா கோயிலில் கிரீம் பிஸ்கட், பெந்தெகொஸ்தே சபையில் ரஸ்னா. வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்டு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த பையன்கள்கூட நம்மோடு உட்கார்ந்து கைதட்டிப் பாடினார்கள். அவர்களை யாரும் எந்தக் கிளை என்று கேட்கவில்லை.

மூன்று இடத்திலும் ஒரே பாடம்தான், நாங்கள்தான் முதல். மாதா கோயில் சிஸ்டர் சொன்னார், பேதுருவிடம் பரலோகத்தின் சாவி கொடுக்கப்பட்டது, அது கை மாறிக் கை மாறி இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறது. நான் எழுந்து, "டூப்ளிகேட் சாவி போட முடியாதா சிஸ்டர்?" என்றேன். "உனக்கு வாய் ஜாஸ்தி, உக்காரு" என்றார். மிஷன் கோயில் டீச்சர், "நாம புது வீடு கட்டலம்மா, பழைய வீட்டுக்கு ஒட்டடை அடிச்சோம், அவ்ளோதான்" என்றார். சபையில் கிடார் வாசித்த அண்ணன், "மேல்வீட்டுல சீஷருங்க மேல அக்கினி இறங்குன அன்னிக்கு இருந்தது எதுவோ அதுதான் நம்ப சபை. நடுவுல வந்ததெல்லாம் மனுஷன் சேத்தது" என்றார். நான் மூன்றையும் மனப்பாடம் செய்து மூன்று இடத்திலும் பரிசு வாங்கினேன். சோப்பு டப்பா, சோப்பு டப்பா, மறுபடியும் சோப்பு டப்பா.

வீட்டில் நைனாவிடம் நாலாவது பதில் இருந்தது. நைனா அரக்கோணத்தில் ரயில்வே வேலை, மிஷன் கோயிலில் மூப்பர். அவருக்கு உலகத்தில் எல்லாமே சீனியாரிட்டி. "பேதுரு ரோமுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தோமா மெட்ராஸ் வந்து இறங்கிட்டாரு. சர்வீஸ் கணக்குப் பாத்தா நம்ப ஆளுங்கதான் சீனியர்" என்பார். நாம் எப்படி தோமாவின் ஆட்கள் ஆனோம் என்று கேட்டால், "மெட்ராஸ் எவ்ளோ தூரம் சொல்லு? ஒரு ரயில் தூரம்" என்று முடித்துவிடுவார்.

அம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டாள். அவள் பொதட்டூர்பேட்டைக்காரி, தறிக்காரர் வீட்டுப் பெண், மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவள். நைனாவைக் கட்டிக்கொள்ள மிஷன் கோயிலுக்கு வந்தபோது, அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, பழைய தவறுகளை விட்டுவிட்டாயா என்று கேட்டுத் தலையாட்டவைத்துச் சேர்த்துக்கொண்டார்களாம். அவளுடைய ஜெபமாலை அரிசி டிரம்மின் அடியில் கிடந்தது. அரிசி தீரும் வாரத்தில் படி அதன்மேல் இடித்து மணிச் சத்தம் கேட்கும். நைனாவுக்கும் கேட்டிருக்கும்.

இந்த வீட்டில்தான் அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

அக்கா நர்ஸ் படித்துவிட்டு அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். காலை ரயில். மாப்பிள்ளை நைனாவின் கூட வேலை செய்கிறவருடைய பிள்ளை, அவருக்கும் ரயில்வே வேலை. அக்காவுக்காக ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பல நாள் உட்கார்ந்து போன பிறகுதான் பெரியவர்கள் பேசினார்கள். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதம் இட்லிக்கு ஆட்டும்போது பாடினாள். நான் அவரை அக்கா புருஷன் முறை வைத்துப் பாவா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீடு பெந்தெகொஸ்தே சபை. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷிதான். நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

"பொண்ணு நம்ப சபையில முழுக்கு எடுத்துடணும். அவ்ளோதாங்க."

"அவளுக்குக் கொழந்தையிலயே ஞானஸ்நானம் ஆயிடுச்சுங்களே" என்றார் நைனா.

"தெளிச்சதுதானே. அது கணக்குல வராது பாருங்க. வெவரம் தெரியாத கொழந்தைக்குத் தலையில தண்ணி தெளிச்சா சளிதான் புடிக்கும்."

மாப்பிள்ளை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டாள். "அப்போ இத்தனை நாளா நான் யாரு நைனா? கிறிஸ்தவச்சி இல்லியா?"

நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "தண்ணி தண்ணிதான்டி. போய் ஒரு முங்கு முங்கிட்டு வந்துரு. இங்க நம்ப கோயில்ல யாருக்கும் தெரிய வேணாம். ரயில்வே மாப்ளை, கைநீட்டி ஒண்ணும் கேக்காத குடும்பம், எங்க கெடைக்கும்?"

"நீ மூப்பராச்சே."

"மூப்பருக்கும் கட்டிக் குடுக்க ஒரு பொண்ணு கீதில்ல?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "என்னையும் ஒருவாட்டி இப்படித்தான் கேட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்" என்றாள். ஆட்டியது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. அன்றைக்கு நைனா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது யோசித்தால், அவர் வாழ்நாளில் அதைவிடப் பெரிய தப்புக் கணக்குப் போட்டதில்லை.

அக்கா ஒரு வாரம் பாடவில்லை. பிறகு சரி என்றாள். அவர் மேல் இருந்த ஆசையில் சொன்னாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவளுக்கும் இல்லை.

முழுக்குக்கு இடம் ஆர்.கே.பேட்டை போகிற வழியில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. ஆறு இருக்கிறது, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. சபையின் பாஸ்டர் ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று பிடிவாதமானவர். யோர்தான் ஓடிக்கொண்டிருந்ததே, தேங்கியா நின்றது என்பார். அதனால் பம்புசெட். மோட்டாரைப் போட்டால் தொட்டியில் தண்ணீர் விழும், நிரம்பி வாய்க்காலில் ஓடும். ஓடுகிறவரை அது ஆறு. அந்தச் சபையில் எல்லோரும் அந்தத் தொட்டியில் முழுகியவர்கள்தான். நிலத்துக்காரர் மலைக்கு மாதாமாதம் கிருத்திகைக்குப் போகிறவர், ஆனால் தொட்டியை யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். தண்ணீர் எப்படியும் கடலைக்குத்தான் போகிறது.

நானும் அம்மாவும் அக்காவோடு போனோம். நைனா வரவில்லை, அவருக்குத் திடீரென்று டூட்டி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெள்ளைப் புடவை கொண்டுவந்திருந்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் தொடை பருமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஈர சிமெண்ட் வாசனை, மோட்டார் கொட்டகையில் கிரீஸ் வாசனை. நிலத்துக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வந்து பாஸ்டரிடம் சொன்னார்.

"ஐயா, கரெண்டு போறதுக்குள்ள முடிச்சுக்கோங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்பறம் ராத்திரிக்குதான் மூணு ஃபேஸு."

"ஆங், ஆங், ஒரு சின்ன வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிச்சுடறேங்க" என்றார் பாஸ்டர்.

சின்ன வார்த்தை நீண்டது. எது உண்மையான ஞானஸ்நானம் என்று ஆரம்பித்தார். தெளிப்பு எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், ரோமாபுரியில் என்ன நடந்தது, வெள்ளைக்காரர் வந்து அதைப் பாதி திருத்திப் பாதியை ஏன் விட்டார்கள். நன்றாகத்தான் பேசினார், நான் ரசித்துக் கேட்டேன், வினாடிவினாவுக்கு உதவும் என்று. அக்கா தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். அம்மா துண்டை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். கடைசியில் பாஸ்டர் பேன்ட்டை மடித்துக்கொண்டு தொட்டிப் படியில் காலை வைத்தார்.

மோட்டார் நின்றது.

குழாய் இரண்டு முறை இருமியது, பிறகு சொட்டியது. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து மெலிந்து நின்றுபோனது. திடீரென்று பக்கத்து ஊர் விசைத்தறிச் சத்தம்கூட இல்லாமல் எல்லாம் அமைதியாகிவிட்டது.

"நான் சொன்னேனே" என்றார் நிலத்துக்காரர்.

பாஸ்டர் காலை எடுத்துக்கொண்டார். "இப்போ இது நின்ன தண்ணி."

சபையின் மூத்த சகோதரர் ஒருவர், "தொட்டி நெறைய கீதுங்களே பாஸ்டர். முழுசா முங்கணும், அதானே விஷயம்? ஆழந்தான் முக்கியம்" என்றார்.

"ஓட்டம் முக்கியம் பிரதர். ஜீவத் தண்ணீர்னா இன்னா? ஓடுற தண்ணீர். நின்ன தண்ணில குடுத்தா தெளிப்புக்காரங்களுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"

"வேதத்துல வர்ற மந்திரி, வனாந்தரத்துல ரதத்துல போனவரு, முங்கினாரே, அது ஓடுற தண்ணியா?"

"ஆறாத்தான் இருக்கும்."

"வனாந்தரத்துல ஆறு ஏது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த வாரம்தான் அவர்கள் சபையிலேயே முதல் பரிசு வாங்கியிருந்தேன். "இன்னாம்மா, ஆறுன்னு போட்டிருக்கா, கொளம்னு போட்டிருக்கா?"

"தண்ணின்னு மட்டும் போட்டிருக்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வாக்குவாதம் இன்னும் சூடு பிடித்தது. இன்னொருவர் வந்து, பானையால் மொண்டு ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் திறந்துவிட்டால் ஓட்டம் வந்துவிடுமே என்றார். ராத்திரி கரெண்டு வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்டர், கரெண்டு வந்தால் விடியவிடிய கடலைக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்றார் நிலத்துக்காரர். பிறகு அவரே, "ஐயா, பொண்ணு ஏற்கனவே நனைஞ்சு போச்சு. நீங்க இன்னா முடிவு பண்ணாலும் இனிமே அதைக் காய வெக்கத்தான் முடியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள். வெள்ளைப் புடவை தண்ணீரில் மேலெழும்பி அவளைச் சுற்றி மிதந்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். ரயிலில் அத்தனை கூட்டத்திலும் அவளுக்காகக் கையை நீட்டி இடம் பிடித்தவர். பத்தடி தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க, நான் நிக்கட்டுமா, ஏறட்டுமா?" என்றாள்.

அவர் பாஸ்டரைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார். "பாஸ்டர் சொல்றவரைக்கும் அப்படியே நில்லு" என்றார்.

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். முங்கினாள்.

தானாக முங்கினாள். தலை, கொண்டை, எல்லாம். தண்ணீருக்கு மேலே வெறும் வட்டங்கள். எழுந்தாள், முகத்தைத் துடைத்தாள், தலைமுடியை முறுக்கிப் பிழிந்தாள், பாஸ்டரைத் தாண்டி ஏறி வெளியே வந்தாள்.

"முங்கிட்டாளே பாஸ்டர், இது சேருமா, சேராதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கை வெக்கலையே. நாமம் சொல்லலையே" என்றார் பாஸ்டர்.

"ஆழம் சரியா இருந்துச்சு" என்றார் மூத்த சகோதரர்.

அக்கா அம்மாவிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டாள். "வெயில் தாங்கல, முங்கினேன். நீங்க பேசி முடிச்சுட்டு உங்களுக்குள்ள ஏதாச்சும் வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தாள். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம்.

டவுன் பஸ்ஸில் ஈரப் புடவையோடு நின்ற அக்காவைப் பார்த்து கண்டக்டர், "இன்னாம்மா, கொளத்துல முழுகிட்டு மலைக்கா? கோயில் ஸ்டாப்பா?" என்றார். பஸ் நிறைய அப்படி ஈரத்தோடு மலைக்குப் போகிறவர்கள்தான். அக்கா, "ஆங், மூணு குடுங்க, எந்த ஸ்டாப்பா இருந்தாலும் எறங்கிக்கறேன்" என்றாள். அம்மா அன்றைக்குச் சிரித்தது போலப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டொரு நாளில் மாப்பிள்ளை தனியாக வீட்டுக்கு வந்தார். நல்ல சட்டை, வாடிய முகம். நான் வாய்வரை வந்த பாவாவை விழுங்கினேன்.

"ஒரே ஒருவாட்டி. பாஸ்டர் கையால. கரெண்டு இருக்கச்சே. எங்கம்மாவுக்காக" என்றார்.

"இதுக்கு முன்னாடி நான் கிறிஸ்தவச்சின்னு நீங்க ஒத்துக்கறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. பஞ்சாயத்துக்கு இல்ல, எனக்குத் தெரியணும்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "எங்க சபைப்படி..." என்று ஆரம்பித்தார்.

"காபி ஆறிடும், குடிச்சுட்டுப் போங்க" என்றாள் அக்கா.

அடுத்த தையில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அக்கா ரயிலில் நின்றுகொண்டே போனாள்.

மாப்பிள்ளை காபி குடித்துவிட்டுப் போன அன்றைக்கே நைனா தான் வெற்றி பெற்றதாக நினைத்துக்கொண்டார். "பாத்தியா, கடைசியில நம்ப கோயில்தான் நின்னுச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆர்.கே.பேட்டை வழியில் தொட்டியில் நடந்தது பஸ் ஏறித் திருத்தணிக்கு வராமல் இருக்குமா? மூப்பர்கள் கூடி அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போய் பீரோ ஓரத்தில் உட்கார்ந்தேன். நைனா மற்ற மூப்பர்களோடு நாற்காலியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

நம் கோயில் ஐயர், அதாவது நம் பாதிரியார், சாதுவான மனிதர். "மறு ஞானஸ்நானம் எடுத்தா சபை ஒழுங்குப்படி தப்பும்மா. முதல்ல எடுத்தது பொய்யின்னு ஆயிடுது இல்ல? நீ முங்கினியா?" என்றார்.

"முங்கினேங்க. வெயிலுக்கு."

"அங்க எதுக்குப் போன?"

அக்கா நைனாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். "போனேன். எழுந்து வந்துட்டேன்."

"அப்போ சபை முன்னாடி நின்னு, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அதுவரைக்கும் இராப்போஜனத்துல அப்பமும் திராட்சரசமும் எடுக்க வேணாம்."

"எது தப்புன்னு சொல்லணுங்க ஐயரே? அங்க போனதா, அங்கேருந்து எழுந்து வந்ததா?"

நைனா செருமினார், அதுவும் பாதியில் நின்றது. அவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நம்மில் பலர் வீட்டிலும் அந்த வார்த்தைதான் பேசப்பட்டது, எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்கிறேன், அந்த அறையில் ஞானஸ்நானத்தை நம்பின ஒரே ஆள் அவள்தான். ஒருமுறை வாங்கியதை எந்தக் கல்யாணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதவள் அவள். அவளைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

பள்ளி திறந்த பிறகு வந்த முதல் இராப்போஜன ஞாயிறு. ஜன்னலெல்லாம் திறந்தும் புழுக்கம். முதல் பந்தியை அழைத்ததும் அக்கா எழுந்து நடந்தாள். கிசுகிசு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. அவள் பலிபீடத்துக்கு முன்னால் இருந்த மரத் தடுப்பருகே முழங்கால் போட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். ஐயர் அப்பத் தட்டோடு வந்தார், பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தார், அக்காவைத் தாண்டினார், அடுத்தவருக்குக் கொடுத்தார். முகம் மட்டும் சிவந்திருந்தது. திராட்சரசக் கிண்ணமும் அப்படியே தாண்டியது. ஜெபம் சொல்லி முதல் பந்தியை எழுப்பினார். எல்லோரும் எழுந்தார்கள்.

அக்கா எழவில்லை.

இரண்டாவது பந்தி வந்து அவளைச் சுற்றி இடித்துக்கொண்டு முழங்கால் போட்டது. தட்டு அவளைத் தாண்டியது. எழுந்தார்கள், போனார்கள். ஏந்திய கை ஏந்தியபடி இருந்தது.

மூன்றாவது பந்திக்கு அம்மா எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன், எனக்கு இராப்போஜன வயதில்லை என்று தெரிந்தும். நைனா மூப்பர் பெஞ்சிலிருந்து தலையை அசைத்தார், வேண்டாம் என்று. அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

ஐயர் வந்தார். அம்மாவின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அம்மா அதை வாயில் போடவில்லை. இரண்டாக ஒடித்தாள். வெள்ளையாக, மெல்லிசாக இருக்கும் அந்த அப்பம், அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒடிகிற சத்தம் கேட்டது. பாதியை அக்காவின் கையில் வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ஐயர் உள்ளே போய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். அம்மாவின் உதட்டருகே குனிந்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் தலையாட்டிய அதே இடம்தான் அது.

"மொதல்ல அவளுக்கு" என்றாள்.

ஐயர் மூப்பர்களைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர்கள் நைனாவைப் பார்த்தார்கள். பின்னால் நாலாவது பந்தி வரிசையாக வந்து நின்றுவிட்டது, கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன, யாரோ பாட்டை இன்னொரு தடவை முதலிலிருந்து எடுத்தார்கள். என் முழங்காலில் கல் குத்தியது. ஐயர் கிண்ணத்தை அக்கா பக்கம் நீட்டும்வரை நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.